நாலாவது ட்ராக்

ஹலோ... ஹலோ... லீலாவா? என்னடீ, லைன் இப்படி கரகரங்கறது... ஹலோ?

...

ஓ.

... ஓஹோ. நீயா.

இல்லே மாமி, ஒண்ணுமில்லே. லீலாதான், என்னோட ஆபீஸ்ல வேலை பார்க்கறாளே, அவ. தொண்டை கட்டிண்டிருக்காம், ஆம்பிளைக் குரல் மாதிரி இருக்கு... நாற்காலி வேண்டாம் காமாக்ஷி மாமி, நின்னுண்டே பேசறேன். நீங்க போங்கோ, அடுப்புல பால் வெச்சிருக்கேள்.

ம். சொல்லுடீ லீலா.

... அரே, என்ன தைரியம் உனக்கு! பக்கத்தாத்து போன்ல கூப்பிடறே. அதுவும் பேண்டுல புதுசாச் சேர்ந்த உன் பாட்டுக்காரி பிங்க்கியை விட்டு முதல்ல பேசச் சொல்லி. மாமி வந்து கதவைத் தட்டி, 'உன் ஃப்ரெண்டு லீலாவாம், ஹிந்தியிலேயே பேசறாளே'ன்னா... ஆமா, ஆமா, ஆம்பிளைக் குரல்னா கூப்பிட மாட்டாதான். அது உனக்கு நன்னாத் தெரியும். யார் யாருக்கு எது எதைச் சொன்னா என்ன ஆகும்ங்கறது உனக்குத் தெரியாமலா?

... ஒண்ணுமில்லே. மேல சொல்லு.

... ஆமாம், டீன்னுதான் கூப்பிடுவேன். மாமி சமையல்கட்டுலதான் இருக்கா, காது ஹால்ல இருக்கு. உன்னை டீ போட்டுக் கூப்பிடறது நன்னாத்தான் இருக்கு, முன்னாடியே தோணாமப் போயிடுத்து.

... நான் சௌக்கியம். ஆபீஸ், ஆத்து வேலை, வெள்ளிக்கிழமையானா மலை மந்திர் கோவில். வேற என்ன? பேஸ் கிடார் பரண்மேல இருக்கு. அப்பாதான் பழைய ரஜாய்ப் போர்வையைச் சுத்தி மேல போட்டார். நடுவுல ரெண்டு இடத்துலேந்து பொண்ணு பார்க்க வந்தா. பாடச் சொன்னா. பாட்டே கூடாதுன்னு கிடாரைப் பரண்ல ஏத்தின அதே அப்பா, 'பாடும்மா, நன்னாப் பாடுவா எங்க பொண்ணு'ங்கறார். ஜமக்காளத்துல உக்காந்து பாடினேன். பஜ்ஜி தின்னுண்டே கேட்டா.

... ஐயோ பாவமா? உன் ஐயோ பாவத்தை நீயே வெச்சுக்கோ. எதுக்குக் கூப்பிட்டே, அதைச் சொல்லு.

... ஆமா... ம்... ஆமாம், கேள்விப்பட்டேன். டெசர்ட் கூலர்ஸ் ரெண்டாவது கேசட். சரோஜினி நகர் மார்க்கெட்ல கேசட் கடைக்காரன் சொன்னான், 'தீதீ, உங்க பேண்டோட புதுசு வரப்போறதாமே'ன்னு. என் பேண்டாம்! அவனுக்கு விஷயம் தெரியலே, பாவம்.

... ம்... சிந்தஸைஸர்... ம்... பிங்க்கியோட அங்கிள் லண்டன்லேந்து கொண்டுவந்தார், சரி... டிஸ்கோ மாதிரி, ஆனா டிஸ்கோ இல்லே. சரி. ராக்தான், ஆனா எவால்வ் ஆன ராக்... யாரு எவால்வ் ஆனது, நீங்களா, சவுண்டா? ... ஓ, சவுண்ட்.

முதல் கேசட் என்ன குத்தம் பண்ணித்து? ... எக்கோவா? எக்கோ இல்லாம எப்படிடா — எப்படிடீ இருக்கும்? மயூர் விஹார்ல நம்ம டிரம்மர் ஜம்புவோட அப்பாவுக்கு அலாட்டான ஃப்ளாட். ஒரு ஸ்டூல் கிடையாது, ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. பாத்ரூம் கதவைத் திறந்து வெச்சுண்டு நான் உள்ள நின்னு பாடினேன், நீ ஹால்ல நின்னு வாசிச்சே. 'காலி ஃப்ளாட்'னு கேசட்டுக்குப் பேர் வெச்சது யாரு? நீதானே? அந்த எக்கோவுக்காகத்தானே காலேஜ் காலேஜா நம்மளைக் கூப்பிட்டா? ... இப்போ அது பழசாயிடுத்து. அச்சா. அதோட நானும் பழசாயிட்டேன்.

... பிங்க்கியோட ஆக்ஸன்ட் நன்னா இருக்கும்தான். அவ கான்வென்ட், நான் மந்திர் மார்க் தமிழ் ஸ்கூல். இதையெல்லாம் நீ அப்பவே என் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், உன்னை ரெண்டு திட்டு திட்டியிருப்பேன், போயிருப்பேன்.

... சரி சரி, விஷயத்துக்கு வா.

... என் குரலா? என் குரல் எங்க கேக்கறது? ... பிங்க்கி பாடற பாட்டுலயா! எந்தப் பாட்டுல? ... எல்லாத்துலேயுமா? அடப் பாவமே. அழிச்சுட வேண்டியதுதானே? ... முடியலையா. ஏன் முடியலே? நிதானமாச் சொல்லுடீ, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், நான் வெள்ளிக்கிழமை மலை மந்திர் போறவ.

... ம்... ம்... இரு இரு. நான் புரிஞ்சுண்டது சரியான்னு பார். அந்த வாடகை ரிக்கார்டிங் மிஷின்ல நாலு ட்ராக். குளிர்காலத்துல இந்த ரெண்டாவது கேசட்டுக்கு நாம பதிஞ்சபோது ஒண்ணுல ஜம்புவோட டிரம்ஸ், ரெண்டுல என் பேஸ், மூணுல என் பாட்டு. உனக்குப் புது சவுண்டுக்கு இடம் வேணும். அதனால அந்த மூணையும் கலந்து நாலாவது ட்ராக்ல ஒண்ணா ஏத்தினே. ஏத்திட்டு முதல் மூணையும் அழிச்சே. காலியான இடத்துல ஒண்ணுல உன் கிடார், ஒண்ணுல சிந்தஸைஸர், ஒண்ணுல பிங்க்கி... ஆமாவா? அப்போ நாலாவதுல நாங்க கலந்தது கலந்ததுதானே. டிகாஷன்ல பாலை விட்டு ஆத்தினப்புறம் பாலை மட்டும் திரும்ப எடுன்னா முடியுமா? என் குரலைக் குறைச்சா டிரம்ஸும் குறையும். என்னை அழிச்சா பாட்டே போயிடும்.

... இல்லே, சிரிக்கலே. தொண்டை.

எனக்கு ஒண்ணுதான் புரியலே. டிரம்ஸையும் பேஸையும் மட்டும் ஏத்தியிருக்கலாமே, என் பாட்டை எதுக்குச் சேர்த்தே? ... பிங்க்கி கேட்டுக் கேட்டுப் பாடணும்னு. சரி, அப்புறம்? ... என்னது? ... மேல பதிஞ்சா கீழே இருக்கறது தானாப் போயிடும்னு நினைச்சியா! அடக் கடவுளே. அது உங்காத்து டேப் ரிக்கார்டர்டீ! உங்கம்மா கச்சேரி கேசட் மேல சத்யநாராயண பூஜையைப் பதிவா, கச்சேரி போயிடும். நம்ம எல்லாராத்துலேயும் அப்படித்தான், புது கேசட் வாங்க மனசு வராது. மேல பதிஞ்சா ஆச்சு, இருந்தது போயிடுத்து. என்னையும் அப்படி நினைச்சே, இல்லையா? மேல ஒருத்தியைப் பதிஞ்சாப் போறும்னு.

... என்ன மாமி? ... இல்லே மாமி, ஆபீஸ் விஷயம். ஒருத்தர் பண்ணின வேலையை இன்னொருத்தர் பேர்ல காமிக்கப் பார்த்தா, மாட்டிண்டா. அதான்... ஆமாம், ரொம்ப அநியாயம்தான்.

ம், மாமி அநியாயம்ங்கறா.

... திரும்பப் பதிய வேண்டியதுதானே? ஜம்புவைக் கூப்பிடு. ... வரமாட்டேங்கறானா? ஏனாம்? ... தெரியாதாக்கும். அவன் எதிர்லேயே பிங்க்கிகிட்ட சொன்னியாமே, அடுத்த கேசட்டுக்கு டிரம் மிஷின் வாங்கிட்டா ஆளே வேண்டாம், மிஷின் குடிக்க டீ கேக்காதுன்னு.

... சரி, கேசட் போடற ஸ்டூடியோக்காரர் அரோரா ஜி என்ன சொல்றார்? ... ம்... 'ஒரே பாட்டுல ரெண்டு பொண்ணு சண்டை போடறா, இன்னொருத்தி யாரு'ன்னு கேட்டாரா? காது இருக்கு மனுஷனுக்கு. ... ம்... பாடினவ நேர்ல கரோல் பாக் ஸ்டூடியோவுக்கு வந்து சரின்னு சொல்லணும். இல்லாட்டா கேசட் போடமாட்டார். நியாயம்தானே? ... நவராத்திரி வரது, ஜாக்ரண்ல போடற அம்மன் பாட்டு கேசட் எல்லாம் வரிசையில நிக்கறது. இன்னிக்கு சாயங்காலத்தை விட்டா மிஷின் உனக்குக் கிடைக்காது, மாதா ராணிக்குத்தான். ... புரியறது. நன்னாவே புரியறது.

நான் வந்தா எனக்கு என்ன பண்ணுவே?

... அட்டையிலயா? எங்கே? ... பின்னாடி, கடைசியில. 'நன்றி'ன்னு. பொடி எழுத்துல. ... என்ன பேர் போடுவே? ... 'ஆனா'வா. அச்சா. முதல் கேசட்லேயும் ஆனா. 'அனந்தலக்ஷ்மின்னா பஜனை கோஷ்டி மாதிரி இருக்கு, ராக் பேண்டுக்கு ஒத்துவராது'ன்னு நீதானே வெட்டினே. நானும் பல்லை இளிச்சுண்டு சரின்னேன். பாட்டு எழுதினது நான், மெட்டுப் போட்டது நான், பேரை மட்டும் நீ வெச்சே.

... வரேன், வரமாட்டேன், எதுவும் சொல்லலையே. அதுக்குள்ள தேங்க்யூ எதுக்கு? ஒரு கேள்வி கேக்கறேன், அதுக்கு பதில் சொல்லு முதல்ல.

ஹோலிக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட போய் என்னைப் பத்திச் சொன்னது யாரு?

... ஜம்புவா. ஜம்பு சொன்னானா. சத்தியமா? ... அம்மா சத்தியமா? ... சொல்லாதே, சொல்லாதே, உங்கம்மா நன்னா இருக்கட்டும்.

ஏய், நீ அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? ஆபீஸ் வாசல்ல பஸ் ஸ்டாப்ல வந்து நின்னே. 'யாரோ படுபாவி உங்காத்துல சொல்லிட்டான், எனக்குத் தூக்கமே வரலே'ன்னே. கர்சீஃப் கொடுத்தே. அந்தக் கர்சீஃப்ல மூக்கைச் சிந்தினேன் நான். பிள்ளையையும் கிள்ளி விட்டுத் தொட்டிலையும் ஆட்டினே நீ. அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியலே. பிங்க்கியைக் கொண்டு வந்தியே, அதை மன்னிச்சுடுவேன். இதை மன்னிக்க மாட்டேன்.

... எப்படித் தெரியும்னா கேக்கறே? எங்கப்பாவே சொன்னார். கேளு, நன்னா இருக்கும். போன வாரம் ராத்திரி சாப்பிடறச்சே அம்மாகிட்ட சொல்றார்: 'கோல் மார்க்கெட்ல ஒரு பையன் இருக்கான். வைத்யநாதன்னு பேரு. வேஷ்டி கட்டிண்டு, நெத்தி நிறைய விபூதி இட்டுண்டு வந்து, மாமா, சொல்றதா வேண்டாமான்னு தெரியலே, உங்க பொண்ணு மயூர் விஹார்ல பசங்களோட சேர்ந்து ராக் பாடறா, நாலு பேர் பேசறான்னு வருத்தப்பட்டுச் சொன்னான். நம்ம மானத்தைக் காப்பாத்தினவன். இந்தக் காலத்துல அப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா? அவன் ஜாதகத்தைக் கேட்டு வாங்கட்டுமா?'

... ஆமாம்டீ! உன் ஜாதகம்! உன்னை எனக்குப் பார்த்துண்டிருக்கார்! ரசம் மூக்கு வழியா வந்துடுத்து எனக்கு.

... என்ன பண்ணினேனா? கையலம்பிண்டு போய் 'காலி ஃப்ளாட்' கேசட்டை எடுத்துண்டு வந்தேன். 'அப்பா, அட்டையில நடுவுல தலைமயிரை விரிச்சுப் போட்டுண்டு, கண்ணுக்கு மை தீட்டிண்டு, சட்டைப் பொத்தானைத் திறந்து விட்டுண்டு நிக்கறதே ஒண்ணு, அது யாருன்னு பாருங்கோ'ன்னேன். கண்ணாடியைத் துடைச்சுண்டு பார்த்தார். லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நாழி பார்த்தார். 'இவனா எங்காத்துல காபி குடிச்சான்?'னார்.

... இரு. இரு. கத்தாதே.

மாமி! காமாக்ஷி மாமி, இங்க வாங்கோளேன். இது லீலா இல்லே மாமி, நான் பொய் சொன்னேன், மன்னிச்சுக்கோங்கோ. வைத்தி. கோல் மார்க்கெட் வைத்தி... ஆமாம், உங்களோட சஹஸ்ரநாமம் சொல்ல வராளே கெட்டியாக் குரல் கொடுத்துண்டு ஒரு மாமி, பச்சைக்கல் மூக்குத்தி, அவாளோட பிள்ளை. அவன்தான் எங்க ராக் பேண்டோட தலைவன். எனக்கு கிடார் வாங்க வழி சொன்னவனே அவன்தான். அவனே எங்கப்பாகிட்ட வந்து என்னைக் காட்டிக் கொடுத்துட்டுப் போயிருக்கான்... ஆமாம் மாமி, அதே பையன்தான், விபூதி இட்டுண்டு வந்தவன்... தாராளமாச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை அவாம்மாவைப் பார்க்கறச்சே சொல்லுங்கோ.

ம். சொல்லு. இனிமே டீ கிடையாது, டாதான்.

... நீ எங்கப்பாவுக்குச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? இப்போ தெரியறதா? ... உங்கம்மாவுக்கு ஹார்ட் வீக்கா? எங்கப்பாவுக்கு மட்டும் இரும்பா? மூணு நாள் என்னோட பேசலே அந்த மனுஷன். நான் பாத்ரூம்ல பக்கெட் மேல குனிஞ்சுண்டு பாடிண்டிருந்தேன்டா, வெளியில கேக்கக்கூடாதுன்னு. தண்ணி ரொம்பி வழியற சத்தத்துல பாடுவேன். அம்மா குழாயை மூடு மூடுன்னு கத்துவா.

... மன்னிப்பா? கேட்டுட்டியோன்னோ, போட்டு வெச்சுக்கறேன்.

... கரோல் பாக்கா? சாயங்காலமா? ... நான் எதுக்கு சாயங்காலம் வரணும்? காலம்பறவே போயிட்டு வந்துட்டேனே.

... ஆமாம். இன்னிக்குத்தான். ஜம்பு சொன்னான், அரோரா ஜி என்னைத் தேடறார்னு. லீவு போட்டுட்டுப் போனேன்... தனியா இல்லே. அப்பாவோட.

... எங்கப்பாவோடதான்டா! நம்பு. பாட்டு அவருக்குப் பிடிக்கலே. இப்பவும் பிடிக்கலே. பஸ்ல வரச்சே, 'இது என்னம்மா, மாடி வீட்டுல அம்மி கொத்தறாப்பல'ன்னார். மேடையில பாடக் கூடாதுங்கறார். அது எனக்கும் அவருக்கும் இருக்கற சண்டை, நாங்க பார்த்துக்கறோம். ஆனா அவர் ஆடிட்காரர். ஒருத்தன் பொய்க் கணக்குக் காமிச்சான்னா அவரால உக்காந்திருக்க முடியாது. அரோரா ஜி எதிர்ல உக்காந்துண்டு அப்பா தன்னோட ஓட்டை ஹிந்தியில கேக்கறார்: 'மிஷின்ல எந்தக் குமிழ்ல யாரு? எது பிரியும், எது பிரியாது?' அரோரா ஜியும் ஒவ்வொண்ணாக் காமிச்சார். 'இது பிங்க்கி, தனி. இது சிந்தஸைஸர், தனி. இது கிடார், தனி. இந்த மூணும் எப்ப வேணா பிரியும். நாலாவது மட்டும் பிரியாது.'

பிரியறதையெல்லாம் எடுத்துடுங்கோன்னுட்டார் அப்பா.

... கேக்கலையா? எடுத்துடுங்கோன்னார். எடுத்தாச்சு.

... சிந்தஸைஸர் குமிழை அரோரா ஜி சத்தமே வராம இறக்கினார். பிங்க்கியையும் அவர்தான் இறக்கினார். அவ நன்னாத்தான் பாடியிருக்கா, அவ மேல எனக்குக் கோபம் கிடையாது, பாவம், அவகிட்டயும் நீ என்ன பொய் சொல்லி வெச்சியோ. உன் கிடாரை மட்டும், ஏக் மினிட் ஜி, நான் பண்றேன்னு கேட்டு வாங்கிண்டேன். என் கையாலதான் இறக்கினேன். ஒவ்வொரு பாட்டிலேயும். மெதுவா.

... யாரைக் கேட்டா? நீ யாரைக் கேட்டே? பாட்டு என்னோடது. டேப் ஜம்புவோட அண்ணா சிங்கப்பூர்லேந்து கொண்டுவந்தது. உன்னோடது அந்த மூணு குமிழ்தான். ... பேண்டு பேரா? டெசர்ட் கூலர்ஸா? தாராளமா நீயே வெச்சுக்கோ, எங்களுக்கு வேண்டாம். அட்டையில அனந்தலக்ஷ்மி, ஜம்பு, அவ்வளவுதான். அப்பாவே எழுத்து எழுத்தாச் சொல்லி எழுத வெச்சார், லக்ஷ்மிக்கு இங்கிலீஷ்ல எக்ஸ் போட்டு எழுதிடப் போறான்னு பயம் அவருக்கு.

... பாட்டு எப்படி இருக்குன்னா? கேக்கறியா? சொல்றேன். வெறும் டிரம்ஸ், வெறும் பேஸ், ஒரு குரல். அந்த எக்கோவும் இல்லே, உன் லண்டன் ஜிகினாவும் இல்லே. முதல் கேசட் மாதிரியே இல்லே. ரூம்ல ஜாக்ரண் பாட்டுப் பாட வந்த ஒரு பெரியம்மா உக்காந்திருந்தா, டீயை வாய்கிட்ட கொண்டுபோனவ அப்படியே வெச்சுட்டா. அரோரா ஜி, 'பஸ், யஹி', போறும், இதுதான்னார். நாலாவது ட்ராக்ல நீயே அதைப் பண்ணி வெச்சிருந்தே. எவால்வ் ஆகணும்னியே, ஆயாச்சு. உன்னை எடுத்தப்புறம்தான் ஆச்சு.

... ஆமாம், சந்தோஷமா இருக்கேன். வயிறு குளிர்ந்து போயிருக்கு. அதுல வெக்கம் என்ன?

... அழறியா? ... சீ, அழாதே. உன் கர்சீஃபைத் திருப்பி அனுப்பட்டுமா?

... எது? ... கடைசிப் பாட்டா? ... ஆமாம், தெரியும். நடுவுல நீ தனியா வாசிப்பியே, அந்த இடம். நல்ல இடம்தான். நீ வாசிச்சதுலேயே அதுதான் உசத்தி, இல்லேங்கலே... அதை மட்டும் விட்டு வெக்கணுமா? ... இல்லே. அதுவும் போயாச்சு.

ஆனா ஒண்ணு கேளு. பதியறச்சே உனக்காகத்தானே நாங்க அந்த இடத்துல நிறுத்தினோம்? ஜம்பு கையைக் கட்டிண்டு உக்காந்துட்டான், நானும் தந்தியைத் தொடலே. அங்கே இப்போ ஒண்ணுமே கிடையாது. பாட்டு நடுவுல சட்டுனு நின்னுபோய், வெறும் டேப் ஓடற சத்தம்தான். ரொம்ப நீளமா இருக்கு. அரோரா ஜி, 'இதை வெட்டி ஒட்டிடட்டுமா பொண்ணே'ன்னு கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னேன்.

நவராத்திரி முடிஞ்சதும் கடைக்கு வந்துடும். ஒண்ணு வாங்கு. வாங்கி, ஆத்துல உக்காந்து கடைசிப் பாட்டைப் போடு. அந்த இடம் வந்ததும் கேட்டுப் பார்.

... வைக்கறேன்டா.